ஒழுகாத ரொட்டிக் கிண்ணம்

ஸ்ட்ராவில் வெள்ளரிக்காய் மாட்டிக்கொண்டது.

மனைவி கன்னம் குழிவிழ உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் மேலே வரவில்லை. ஸ்ட்ராவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவழியில் ஒரு பச்சைத் துணுக்கு, குடிவந்த வீடு பிடித்துப்போன மாதிரி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"குடு, நான் பாக்கறேன்" என்றார் சொட்டு மாஸ்டர்.

அவர் பார்க்காத அடைப்பா? இருபத்தெட்டு வருடமாக பிளம்பர் வேலை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பதினாலு மாடிக் கட்டடம் என்று அவர் கை படாத குழாய் அந்தப் பேட்டையில் குறைவு. வேலை முடிந்ததும் குழாய்க்கு அடியில் காய்ந்த செய்தித்தாள் ஒன்றை விரிப்பார். "ஒரு சொட்டு விழட்டும், நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்பார். கால் மணி நேரம் கழித்து, நனையாத தாளை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதில் வந்த பெயர்தான் சொட்டு மாஸ்டர். சொந்தப் பெயரை அவரே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வார்.

பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஸ்ட்ராவுக்குள் விட்டார். வெள்ளரிக்காய் வெளியே வந்தது. கூடவே ஸ்ட்ராவும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது.

மனைவி சிலேட்டை எடுத்து எழுதினாள்: "நல்ல வேலை."

அந்த சிலேட்டு, மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா அளவு குறித்துவைக்கப் பயன்படுத்தியது. நாலரை வாரமாக மனைவியின் குரல் அதுதான். கீழே விழுந்ததில் தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார் டாக்டர். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் ஸ்ட்ரா வழியாகத்தான் என்று சொல்லியிருந்தார்.

விழுந்த கதையைச் சொல்ல மாஸ்டருக்கு வாய் வராது. நாம் சொல்லிவிடலாம். அவர்கள் வீட்டு சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர்க் குழாயெல்லாம் அடைத்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்கச் சோம்பல். "நாளைக்குப் பாக்கறேன்" என்பார். மனைவி குழாய்க்கு அடியில் ஒரு துணியைப் போட்டுவைத்திருந்தாள். ஒருநாள் காலையில் அந்தத் துணி துவைக்கப் போயிருந்தது. ஈரத்தில் கால் வழுக்கி, மோவாய் சிங்க் விளிம்பில் இடித்தது.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், நேராக சமையலறைக்குப் போய் பையைத் திறந்து வாஷரை மாற்றினார். நாலு நிமிடம் ஆயிற்று. எட்டு மாதம் தள்ளிப்போட்ட நாலு நிமிடம். அப்புறம் அந்தத் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மனைவி சிலேட்டில் என்னென்னவோ எழுதியிருக்கிறாள். பால் வாங்க வேண்டும் என்று எழுதினாள். அவர் சட்டையில் பொத்தான் இல்லை என்று எழுதினாள். குழாயைப் பற்றி மட்டும் ஓர் எழுத்து எழுதவில்லை. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும். அவரும் கேட்கவில்லை. 'தப்பு என்னுதுதான்' என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். அந்த அடைப்பை எடுக்க அவர் பையில் கருவி இல்லை.

ஆகவே சமையலில் இறங்கினார்.

கஞ்சி, பழச்சாறு, காய்கறித் தண்ணீர் என்று நாலு வாரம் ஓடியது. மனைவி இளைத்துப்போனாள். மாஸ்டர் வைத்ததெல்லாம் ஒரே ருசியாக, அதாவது ருசியே இல்லாமல் இருந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை தையல்காரம்மாவோடு பல் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தவள், சிலேட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் காட்டினாள்: "சாண்ட்விச்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் செய்கிற சாண்ட்விச் அது. வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், சுட்ட கோழி, சீஸ், கடுகு சாஸ், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், எல்லாவற்றையும் ரொட்டிக்குள் வைத்து இரண்டு பக்கமும் வாட்டுவாள். இருபத்தாறு வருடமாக அதைத் தின்றுவிட்டு மாஸ்டர் "ம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டில் பேச்சு மனைவியின் இலாகா. மாஸ்டரின் பங்கு அந்த "ம்" ஒன்றுதான். சரி என்பதற்கு ஒன்று, முடியாது என்பதற்கு ஒன்று, காதில் விழவில்லை என்பதற்கு ஒன்று என்று அதில் அவர் வகைகள் வைத்திருந்தார்.

"சாண்ட்விச்சா? சரி, அதை சூப்பா பண்ணிடறேன்" என்றார். மறுநாள் புதன்கிழமை, எல்லாவற்றையும் ரொட்டியோடு சேர்த்து மிக்ஸியில் போட்டு அடித்து, கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டார். ஸ்ட்ராவில் வெள்ளரிக்காய் மாட்டியது அப்போதுதான்.

பிளந்த ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஸ்டர் யோசித்தார். பிரச்சினை சூப்பில் இல்லை, குழாயின் அளவில் இருக்கிறது. பையில் பிரிக்காத புதுப் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள் ஒன்று கிடந்தது, உள்ளே தெரிகிற மாதிரி, அரை அங்குலத்தில். ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் மூன்று தடவை அலசி, மனைவியின் கிண்ணத்தில் போட்டார்.

"இதுல செங்கல்லே போகும்" என்றார் பெருமையாக.

மனைவி குழாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு குடித்தாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அந்தக் கம்பியைப் பார்க்க மாஸ்டருக்குத் தைரியம் இல்லை, பார்த்தால் முகம் மாறிவிடும். அதைக் கவனித்து அவளே திரும்பிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

கிண்ணம் காலியானது. சிலேட்டு வந்தது. "ருசி பரவாயில்லை. ரொட்டி எங்கே?"

"உள்ளதான் இருக்கு. அரைச்சுட்டேன்."

"கண்ணுக்குத் தெரியணும்."

"கண்ணுக்குத் தெரிஞ்சா குழாய்ல வராதே."

மனைவி எழுந்து போய், தையல்காரம்மா கொடுத்திருந்த பழைய பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தாள். முழுப் பக்கத்துக்கு ஒரு படம். உருண்டை ரொட்டி ஒன்று, மேலே மூடி மாதிரி வெட்டி, உள்ளே குடைந்து, அதில் ஆவி பறக்க சூப். படத்தின் மேல் விரலை வைத்துத் தட்டினாள்.

மாஸ்டருக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. நாலு வாரத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம். இதைச் செய்துகொடுத்துவிட்டால் அந்த இரண்டு வார்த்தையையும் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை பேக்கரிக்குப் போனார்.

"கிண்ணம் மாதிரி குடையணும். நல்லா கெட்டியா ஒரு உருண்டை ரொட்டி வேணும்."

"எத்தனை பேருக்கு மாஸ்டர்?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஒருத்திக்கு."

"அப்ப ஒண்ணு போதுமே."

"நாலு குடுங்க. சோதனை பண்ணிப் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து பென்சிலால் வட்டம் போட்டு, சுவர் எல்லாப் பக்கமும் அரை அங்குலம் இருக்கிறதா என்று அளந்து அளந்து குடைந்தார். மேஜையில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ரொட்டியை வைத்து, சூப்பை ஊற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது நிமிடம் தாளில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வட்டம் பெரிதானது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் கண்ணெதிரே நனைந்த முதல் தாள் அது.

மனைவி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ஒரு வாய் குடிப்பதற்குள் அடிப்பாகம் கழன்று சூப் முழுக்கத் தலைப்புச் செய்தியின் மேல் பரவியது.

"இது வெறும் ஈரம் உறிஞ்சற பிரச்சினை" என்றார் மாஸ்டர். "உள்பக்கம் நல்லாக் காயவெச்சா சரியாயிடும்."

இரண்டாவது ரொட்டியை அடுப்பில் வைத்துக் காயவிட்டார். நன்றாகவே காய்ந்தது. கையால் தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. சூப்பை ஊற்றியதும் நாலு பக்கமும் விரிசல் விட்டது. முன்பு ஓரிடத்தில் ஒழுகியது, இப்போது ஏழு இடத்தில் ஒழுகியது. மாஸ்டர் எண்ணிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

சமையலறை மேடையில் வைத்திருந்த மிச்ச ரொட்டியெல்லாம் காலையில் காணவில்லை. மாடிப்படியில் தையல்காரம்மா எதிரே வந்தார்.

"ரொட்டியை நீங்க எடுத்தீங்களாம்மா?"

தையல்காரம்மா கொஞ்சம் இருமினார். "ஆமா மாஸ்டர். புறாவுக்குப் போட்டேன்."

"நல்லதுதான். வீணாப் போகாம இருந்தா சரி."

வெள்ளிக்கிழமை அவருக்கு யோசனை பிறந்தது. தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் என்ன செய்வோம்? உள்ளே பூச்சு அடிப்போம். சீஸை உருக்கி, புதிதாக வாங்கிவந்த ரொட்டிக்குள் தடிமனாகப் பூசி ஆறவிட்டார். சூப் ஊற்றினார். பத்து நிமிடம் ஆயிற்று. தாள் காய்ந்தே இருந்தது.

"பாத்தியா?" என்று தாளை எடுத்து மனைவியிடம் காட்டினார். மனைவி கைதட்டினாள்.

சூடான சூப்பில் சீஸ் உருகும் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. உருகிய சீஸ் குழாயில் பாதி தூரம் ஏறி, அங்கே ஆறி, அங்கேயே இறுகியது. மனைவி உறிஞ்ச உறிஞ்ச, குழாய்தான் ஒட்டிக்கொண்டு சப்பையானது. மாஸ்டர் வெந்நீர் விட்டுப் பார்த்தார், கம்பி விட்டுப் பார்த்தார். கடைசியில் குழாயைச் சுவரில் தட்டினார். சீஸ் வரவில்லை, சுண்ணாம்பு உதிர்ந்தது.

இதற்கிடையே வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பேச ஆரம்பித்திருந்தார்.

மனைவி விழுந்த முதல் இரண்டு வாரம் வீடு நிசப்தமாகக் கிடந்தது. அந்த நிசப்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. சமையலறையிலிருந்து, "இப்ப வெங்காயம் உரிக்கறேன்", "இப்ப தண்ணி கொதிக்குது" என்று ஹாலில் இருப்பவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அது மெல்ல வளர்ந்தது. வேலைக்குப் போன இடத்தில் ஒரு வக்கீல் தொட்டிக்குள் செருப்போடு இறங்கிய கதையைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த அச்சகத்தில் நல்லாயிருந்த குழாயை மூன்று தடவை ரிப்பேர் பண்ணப் போனதைச் சொன்னார். எதிர்ப்பேச்சு இல்லாததால் துணிச்சல் வேறு கூடிக்கொண்டே போனது.

"உன் அண்ணன் ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தாரில்ல" என்றார் சனிக்கிழமை, உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே. "அது தானா நிக்கல. நான்தான் நிறுத்தினேன். மணிக்கொரு தடவை குயில் வந்து கத்தினா மனுஷன் எப்படித் தூங்கறது?"

மனைவி சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். "தெரியும்."

"தெரியுமா? பதினஞ்சு வருஷமா ஏன் சொல்லல?"

"குயில் எனக்கும் பிடிக்கலை."

மாஸ்டர் மசிக்கிற கரண்டியைக் கீழே வைத்தார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பதினைந்து வருடம் ஒரே குயிலை வெறுத்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல். அவருக்கு அது ஏனோ சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

உருளைக்கிழங்கு எதற்கென்றால், சூப்பைக் கெட்டியாக்க. நீர்த்த சூப் ரொட்டியில் நிற்காது, கெட்டி சூப் ஒழுகாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரொட்டிக் கிண்ணம் இருபது நிமிடம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தச் சூப்பில் கரண்டி தானாக நின்றது. குழாயில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறவில்லை.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொட்டிக்கு ஏற்ற சூப் குழாய்க்கு ஆகாது. குழாய்க்கு ஏற்ற சூப் ரொட்டிக்கு ஆகாது. இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு சிக்கலை எந்தக் கட்டடமும் அவருக்குக் கொடுத்ததில்லை.

"அழுத்தம் பத்தல" என்றார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திடீரென்று.

மனைவி 'வேண்டாம்' என்று எழுதுவதற்குள் பையிலிருந்து கைப் பம்ப் வெளியே வந்துவிட்டது. ஜாம் பாட்டில் மூடியில் இரண்டு ஓட்டை போட்டார். ஓர் ஓட்டையில் பம்பு, இன்னோர் ஓட்டையில் குழாய். பாட்டிலுக்குள் கெட்டி சூப். குழாயின் மறுமுனையை மனைவி பயபக்தியோடு பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா உள்ளே வந்தார். கையில் தைத்து முடித்த வெள்ளைச் சட்டை. "மாஸ்டர், என் இஸ்திரிப் பெட்டி சூடே ஆக மாட்டேங்குது, கொஞ்சம் பாத்து..."

மாஸ்டர் ஒரு அழுத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை மூடி கழன்றது.

சாண்ட்விச் சூப்பில் பாதி கூரைக்குப் போயிற்று. மீதி, வெங்காயமும் கடுகு சாஸுமாக, வெள்ளைச் சட்டைக்குப் போயிற்று.

"இது நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டை" என்றார் தையல்காரம்மா, மெதுவாக.

"கடுகு சாஸ்தாம்மா. சோப்பு போட்டா போயிடும்."

"போகாது மாஸ்டர். எனக்குத் தெரியும்."

மனைவி துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து விம்மல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அழறா" என்றார் மாஸ்டர். அவர் முகம் விழுந்துவிட்டது. "என்னால ஒரு வேளை சாப்பாடு ஒழுங்காப் போட முடியல. அவ அழாம என்ன செய்வா?"

தையல்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "ஆமா மாஸ்டர். பாவம், அழறாங்க. நான் உள்ள போய்ப் பாக்கறேன்."

இரண்டு பேரும் வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று. மனைவியின் கண் சிவந்திருந்தது. மாஸ்டர் அதற்குள் ஏணி போட்டுக் கூரையைத் துடைத்துவிட்டு, புதுத் துணி வாங்கித்தந்து சட்டையை மறுபடி தைக்கச் சொல்வது என்று முடிவும் செய்திருந்தார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் சோர்ந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரரிடம் உட்கார்ந்து பேசினார். அன்றைய ரொட்டி வேண்டாம், முந்தின நாள் ரொட்டி குடையக் கெட்டியாக இருக்கும் என்று தெரிந்துகொண்டார். உள்ளே முட்டை வெள்ளைக்கருவைத் தடவிச் சின்னச் சூட்டில் காயவிட்டு, மறுபடி தடவி மறுபடி காயவிட்டார், பெயின்ட் அடிப்பவர்கள் இரண்டு கை அடிப்பதுபோல. வெங்காயத்தை அவசரப்படாமல் நாற்பது நிமிடம் வதக்கினார். கோழியை நன்றாக அரைத்து வடிகட்டினார். சீஸைக் கடைசியில் மட்டும் போட்டார். வீடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை வாசனை வந்தது.

பலன் இல்லாமல் போகவில்லை. மனைவியின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. "சூப்போட மகிமை" என்று மாஸ்டர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். குடைந்துபோட்ட ரொட்டி மட்டும் தினமும் புறாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேட்டைப் புறாக்கள் நன்றாகத்தான் சாப்பிட்டன.

ஆனால் தாள் இன்னும் நனைந்துகொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு நிமிடம், பதினாலு நிமிடம். அவள் சுவரைப் பார்த்து மெதுவாகக் குடித்து முடிக்க இருபத்தைந்து நிமிடமாவது ஆகும்.

வியாழக்கிழமை மாலை, ஊற்றப்போன கையை மாஸ்டர் பாதியில் நிறுத்தினார். தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பிவைத்தால்தானே ஒழுகும்? எதற்கு நிரப்ப வேண்டும்? வேண்டும்போது வேண்டிய அளவு விட்டால் ரொட்டி ஊறுவதற்குள் காலியாகிவிடுமே. இவ்வளவு சின்ன விஷயம் எட்டு நாளாகத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் அவருக்குப் புரிந்தது. அப்படிச் செய்ய வேண்டுமானால் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவர் அந்த மேஜையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே எத்தனையோ காலமாயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவதுதான் பழக்கம்.

பாத்திரத்தை மேஜைக்குக் கொண்டுவந்தார். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரொட்டிக் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினார். அவள் குடித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினார். செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.

"வெங்காயம் சரியா இருக்கா?"

தலையாட்டினாள்.

மூன்றாவது கரண்டியோடு அவர் கை நின்றது. அவள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாதது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

"அந்தக் குழாய்" என்றார். "நாலு நிமிஷ வேலை. எட்டு மாசம் நீ சொன்னே. நான் நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னேன். ஊரான் வீட்டுத் தரை நனைஞ்சா எனக்கு அவமானமா இருக்கும். நம்ம வீட்டுத் தரை நனைஞ்சது, நீ துணி போட்டு வெச்சே, அதையும் பாத்துக்கிட்டுத் தாண்டித் தாண்டிப் போனேன். தப்பு என்னுதுதான். உன்னை அந்தத் தரையில பாத்ததுலேருந்து எனக்குச் சரியாத் தூக்கம் இல்லை. என்னை மன்னிச்சுடு."

அவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். பிறகுதான் மூன்றாவது கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

மனைவி திரும்பாமலே சிலேட்டை எடுத்தாள். எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கோபம் அன்னிக்கே போயிடுச்சு. நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்தது."

அதன்கீழே இன்னொரு வரி: "சூப் ஆறுது. நீங்களும் சாப்பிடுங்க."

மாஸ்டர் எழுந்து போய் இன்னொரு ரொட்டிக் கிண்ணம் எடுத்துவந்தார். அன்று டிவி போடவே இல்லை. அச்சகத்துக் குழாயை முதல் தடவை அவரே கழற்றிவிட்டதையும் சேர்த்து, மிச்சக் கதையெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்தது. கருவிப்பையோடு மாஸ்டர் நேராகப் பல் கிளினிக்குக்குப் போனார். அவர் அங்கே போவது அதுதான் முதல் தடவை. பல்லைக் குடைகிற மெஷின் சத்தம் கேட்டாலே அவருக்கு மயக்கம் வரும், அதனால்தான் தையல்காரம்மா மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். ஆனால் இன்று கேட்டே ஆக வேண்டும். கம்பியை எப்போது எடுப்பார்கள்? எடுத்த அன்றைக்கே அவளுக்கு நிஜமான சாண்ட்விச், அவர் கையால் வாட்டி, செய்துகொடுக்க வேண்டும்.

வாசலில் நின்ற நர்ஸ் பெண் அவர் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். "வந்துட்டீங்களாண்ணா? காலையில போன் பண்ணினோம். கைகழுவற பேசின் அடைச்சுக்கிச்சு. உள்ள வாங்க."

"இல்லம்மா, நான் வந்தது வேற..."

பேசினைப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் வெள்ளையாகத் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தபிறகு வேறு விஷயம் பேச அவரால் முடியவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்.

நர்ஸ் வாளியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் மெஷின் சத்தம் கேட்டது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வளைவுக் குழாயைக் கழற்றினார். உள்ளே பல் அச்சு எடுக்கிற மாவு கெட்டியாக இறுகிக் கிடந்தது.

"ரொம்ப நாளாச் சேர்ந்ததாண்ணா இது?"

"ம்."

"சரியாயிடுமா?"

"ம்."

நர்ஸ் சிரித்தாள். "பிளம்பருங்க எல்லாருமே இப்படித்தானா? எங்க பேஷன்ட் ஒருத்தங்களோட வீட்டுக்காரரும் பிளம்பர்தான். எதுக்கெடுத்தாலும் 'ம்' மட்டும்தான் சொல்வாராம். தாடை உடைஞ்சு கம்பி போட்டிருந்தாங்க அவங்களுக்கு, ரொம்ப நல்ல மாதிரி. வந்தா ஒரு மணி நேரம் என்கிட்ட உக்காந்து பேசிட்டுத்தான் போவாங்க."

மாஸ்டரின் கை ஸ்பேனரோடு நின்றது. "கம்பி போட்டிருக்கும்போது எப்படிம்மா பேசுவாங்க?"

"எலும்பு சீக்கிரமே கூடிடுச்சுன்னு கம்பியை எடுத்து இன்னியோட பத்து நாளாச்சுண்ணா, 'இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் அவர் பேச ஆரம்பிச்சிருக்கார், நான் பேசினா நிறுத்திடுவார்'னு வீட்டுல மட்டும் இன்னும் எழுதித்தான் காட்டிக்கிட்டிருக்காங்க."